மாவுக்கடை முன்னால் இரண்டு நிமிடக் கூட்டம்

பேராச்சியின் மகன் மாரிசெல்வம் கூரியர் கம்பெனி வேலையை விட்டுவிட்ட செய்தி, எங்கள் சந்தில் கடைசியாகப் போய்ச் சேர்ந்தது பேராச்சிக்குத்தான். அதற்கு நான் பொறுப்பில்லை. அவள் இரண்டு நாளாக மாவு வாங்க வரவில்லை. வந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேன்.

என் இட்லி மாவுக்கடை சந்தின் வாயில் இருக்கிறது. தாராவியில் சில சந்துகளுக்கு நாலைந்து வாய் இருக்கும். எங்கள் சந்துக்கு ஒன்றுதான். உள்ளே குடியிருப்பவர்கள் ரயிலுக்குப் போவதானாலும் ரேஷனுக்குப் போவதானாலும் என் ஃப்ரிட்ஜைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் யாரையும் எட்டிப் பார்ப்பதில்லை. அவர்களாகவே கண்ணில் படுகிறார்கள். ஒரு கிலோ வாங்குகிறவள் திடீரென்று இரண்டு கிலோ கேட்டால் ஊரிலிருந்து நாத்தனார் வந்திருக்கிறாள் என்று அர்த்தம். அரைக் கிலோ போதும் என்றால் புருஷனோடு பேச்சு இல்லை. இதையெல்லாம் விசாரிக்கவே வேண்டாம். கேட்டு உறுதி செய்துகொள்வது மட்டும்தான்.

மாரிசெல்வம் விஷயமும் அப்படித்தான். முதுகில் கம்பெனிப் பை இல்லை. தலை வாரவில்லை. இரண்டு கை விரல்களையும் சேர்த்து முகத்துக்கு முன்னால் ஒரு சதுரம் பிடித்து, அதற்குள் என்னையும் என் கிரைண்டரையும் பார்த்துக்கொண்டே நடந்து போனான். வேலையில் இருக்கிற பையன் இப்படி நடக்க மாட்டான்.

"என்ன மக்கா, கண்ணுல எதுவும் கோளாறா?" என்றேன்.

"ஃப்ரேம் பாக்கேன்க்கா."

"பாத்து முடிஞ்சா ஒரு கிலோ மாவு வாங்கிட்டுப் போ. உங்கம்மா ரெண்டு நாளா வரல."

அன்று சாயங்காலத்துக்குள் பேராச்சிக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்பது இங்கே அவசியமில்லை.

பேராச்சி சத்தம் போடுகிறவள் இல்லை. தம்பி பூதத்தானுக்குச் சொல்லியனுப்பினாள். பூதத்தான் இரண்டு சந்து தள்ளிப் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறான். அங்கே ஒரு மெஷின் ஆளில்லாமல் கிடந்தது. அக்கா மகன் வந்து உட்கார்ந்தால் நல்லது என்று அவனுக்கு ரொம்ப நாளாக ஆசை. பேச்சுவார்த்தை என் கடை வாசலில் நடந்தது. பேராச்சி வீட்டில் மூன்று பேர் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் கோபப்படக்கூட இடம் கிடையாது.

"மாமா பட்டறைக்கு வர மாட்டியா?" என்றாள் பேராச்சி.

"எனக்குக் கேமரா வேலைதாம்மா வரும்."

"வருதான்னு பாப்போம். தைப்பூசத்துக்குச் செம்பூர்ல என்னமோ படம் பிடிக்காவன்னு சொன்னல்லா. அதுக்கு ஒன்னக் கூப்பிட்டாவன்னா நான் வாயே தொறக்கல. கூப்பிடலன்னா மறுநாள் காலையில மெஷின்ல உக்காரணும். சம்மதமா?"

"சம்மதம்."

பூதத்தான் அப்போதே எழுந்து மெஷினுக்கு எண்ணெய் போடப் போனான். மருமகன் மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

செம்பூர் முருகன் கோயில் படம் என்பது மானசா வழியாக வந்தது. மானசா மாட்டுங்காப் பெண். பாலக்காட்டுக் குடும்பம், மூன்று தலைமுறையாக ஆபீஸ் உத்தியோகம். மாஹிமில் ஞாயிற்றுக்கிழமை தோறும் நடந்த வீடியோ வகுப்பில் மாரியோடு படித்தவள். அவளுக்கு ஆவணப்படம் எடுக்கும் கம்பெனி ஒன்றில் உடனே வேலை கிடைத்தது, இவனுக்குக் கிடைக்கவில்லை. தைப்பூசக் காவடிக் கூட்டத்தை எடுக்க மூன்றாவது கேமராவுக்கு ஆள் வேண்டும் என்று அந்தக் கம்பெனியில் பேச்சு வந்தபோது மாரி பெயரைச் சொன்னது மானசாதான். டைரக்டர் ஒரே நிபந்தனை போட்டார். பையன் கூட்டத்தைப் படம் பிடித்துக் காட்டட்டும். இரண்டு நிமிடம் போதும். பார்க்கிறவனுக்கு அந்தக் கூட்டத்துக்குள்ளே தானும் நிற்கிற மாதிரி இருக்க வேண்டும். பொங்கலுக்கு மறுநாள் கடைசி நாள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், போன் வழியாக. கார்த்திகை மாதம் மாரியின் போன் என் மாவு வாளிக்குள் விழுந்தது. அன்றிலிருந்து காதில் வைத்தால் ஒன்றும் கேட்காது. ஸ்பீக்கரில் போட்டால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும். (அந்த வாளி மாவை என்ன செய்தேன் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.) சந்துக்குள் சிக்னலும் கிடையாது. கிடைக்கிற ஒரே இடம் என் ஃப்ரிட்ஜ் பக்கம். அதனால் மானசா அவனிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் மாவுக்கு நிற்கிற வரிசைக்கும் சேர்த்தே சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது தெரியாது. நாங்களும் சொல்லவில்லை.

முதல் படப்பிடிப்பு சந்துக்குள்ளேயே நடந்தது. வகுப்புத் தோழன் ஒருவனிடம் இரவல் வாங்கிய கேமரா; தோளில் வைக்கிற அளவுக்குப் பெரியது. முன்னால் பூனைக்குட்டி மாதிரி மயிர் வைத்த மைக். காலையில் தண்ணீர் வருகிற நேரத்தைத் தேர்ந்தெடுத்தான். அந்த நேரத்தில் எங்கள் குழாயடியில் இருக்கிற நெரிசலை எடுத்தால் எந்த டைரக்டரும் அசந்துபோவார். யோசனையில் தப்பில்லை.

ஆனால் எங்கள் பேட்டையில் கேமரா என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். இடித்துக் கட்டப் போகிறார்கள் என்று சர்வே ஆட்கள் வருகிறார்கள். கதவில் நம்பர் எழுதுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். படத்தில் விழுந்த ஆளுக்குத்தான் நாளைக்கு வீடு என்று ஜனங்களுக்குள் ஒரு பேச்சு. உண்மையோ பொய்யோ யாருக்கும் தெரியாது. தெரியாதபோது விடுவானேன்? அதனால் கேமராவைக் கண்டால் எங்கள் ஆட்கள் போட்டது போட்டபடி அவரவர் வாசலுக்கு ஓடி, ஆதார் கார்டை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு சிரிக்காமல் நின்றுவிடுவார்கள். பழக்கமாகிவிட்டது.

மாரி கேமராவோடு நுழைந்ததும் யாரோ "சர்வே" என்று சொல்லிவிட்டார்கள். நான் "சர்வேயா இருக்குமோ" என்று ஒரு சந்தேகமாகத்தான் கேட்டேன். அடுத்தவர்கள் அதிலிருந்து சந்தேகத்தை எடுத்துவிட்டால் நான் என்ன செய்ய முடியும்?

குழாயடி காலியாகிவிட்டது. குடங்கள் தம்பாட்டுக்கு நிரம்பி வழிந்துகொண்டிருந்தன. வாசலுக்கு வாசல் குடும்பம் குடும்பமாக நின்றார்கள். என் கடைக்கு மேலே மாடியில் இருக்கிற கரீம் பாட்சா, மைக்செட் வாடகைக்கு விடுகிறவர், இரும்பு ஏணியில் பாதி இறங்கி வந்து ஒரு கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கினார். மறு கையில் லைட் பில். வீடு கொடுப்பதில் மாடிக்காரர்களுக்குச் சட்டம் வேறு என்று அவருக்கு எப்போதும் ஒரு பயம்.

"மாடி, மாடி" என்று கேமராவைப் பார்த்துச் சொன்னார்.

"பாய், நாந்தான் மாரி. இது சர்வே இல்ல."

"தெரியும்ப்பா. எடு. எதுக்கும் இருக்கட்டும்."

மறுநாள் சாயங்காலம் மானசா போன் செய்தாள். கடையில் நல்ல வரிசை. கரீம் பாட்சா டிபன் பாக்ஸோடு நின்றார். அவருக்குப் பின்னால் பேராச்சி. மாரி போனை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, எதிரில் கைகட்டி நின்றான்.

"மாரி, பாத்தேன். என்னடா இது, கூட்டம் எங்கே?"

"இருக்குல்லா மானசா. சந்து பூரா ஆளு."

"ஆள் இருக்கா. கூட்டம் இல்லை. எல்லாரும் பாஸ்போர்ட் ஆபீஸ்ல நிக்கற மாதிரி நிக்கறா. ஒருத்தர் மூஞ்சிலயும் உயிரே இல்லை. அரே, அத்தனை பேரும் கேமராவையேன்னா முழிச்சுப் பாக்கறா. அந்த ஏணியில தொங்கறவர் யாரு? திருடனா?"

வரிசை மெதுவாகக் கரீம் பாட்சாவைத் திரும்பிப் பார்த்தது. அவர் டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார்.

"பாய் நல்ல மனுசன்" என்றான் மாரி, குரலைத் தாழ்த்தி.

"யாரா வேணா இருக்கட்டும். கூட்டம்னா ஒருத்தரை ஒருத்தர் இடிக்கணும், முந்தணும், ஏதோ ஒண்ணுக்காக நிக்கணும். இவா எல்லாம் உனக்காக நிக்கறா. பின்னாடி என்ன அவ்ளோ சத்தம்? கொஞ்சம் தள்ளி வந்து பேசேன்."

"தள்ளிப் போனா சிக்னல் போயிரும்."

"சரி, பொங்கல் அன்னிக்கு நன்னா எடு. ஆனா ஒருத்தரும் கேமராவைப் பாக்கப்படாது. கேட்டியா?"

கேட்டோம். போன் வைத்த பிறகு கொஞ்ச நேரம் யாரும் மாவு கேட்கவில்லை.

"யாரு மூஞ்சில உயிரு இல்லயாம்?" என்றாள் ஒருத்தி.

"நான் அன்னைக்குப் பவுடர்கூடப் போட்டிருந்தேன்" என்றாள் இன்னொருத்தி.

கரீம் பாட்சா என்னிடம், "விஜயாக்கா, நெசமாச் சொல்லுங்க, என்னப் பாத்தா திருடன் மாதிரியா இருக்கு?" என்றார். ஏணியில் தொங்கும்போது கொஞ்சம் அப்படித்தான் இருந்தது. வியாபாரத்தை உத்தேசித்து, இல்லை என்றேன்.

பேராச்சி மட்டும் சந்தோஷமாக இருந்தாள். வெளியே காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் ஒரு கிலோவுக்குப் பதில் ஒன்றரை கிலோ வாங்கிப் போனாள். தம்பியைச் சாப்பிடக் கூப்பிட்டிருப்பாள்.

பொங்கல் வந்தது. தொண்ணூறடிச் சாலையில் எங்கள் பெண்கள் வரிசையாக அடுப்பு வைத்துப் பொங்கல் இடுவதைப் பார்க்க மும்பையில் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். புகையில் ஒரு அடுப்புக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. பஸ்காரன் ஹாரனை அடித்துப் பார்த்துவிட்டு இறங்கி டீ குடிக்கப் போய்விடுவான். இதைவிடக் கூட்டம் மாரிக்கு வேறெங்கே கிடைக்கும்?

கிடைத்திருக்கும், நாங்கள் சும்மா இருந்திருந்தால். ஆனால் மாட்டுங்காவில் நம்மைப் பற்றி இப்படிப் பேசுகிறார்களே என்று எல்லாருக்கும் ரோஷம் வந்திருந்தது. இந்த முறை ஒரு குறை சொல்லிவிடக் கூடாது என்று சந்தே கூடி முடிவு செய்தது. கரீம் பாட்சா, மைக் தன் கையில் இருப்பதால், பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார்.

"அன்பான தாய்மார்களே, பெரியோர்களே. நம்ம மாரிசெல்வம் கேமரா இப்ப வந்துக்கிட்டு இருக்கு. தயவுசெஞ்சு யாரும் அதப் பாக்க வேண்டாம். வேற எங்க வேணாலும் பாருங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். மனுஷர் கேமரா போகும் இடமெல்லாம் கூடவே சொல்லிக்கொண்டு வந்தார்.

"கேமரா இப்ப ரெண்டாவது வரிசையில திரும்புது. பச்சப் புடவ தாயி, பாக்காதீங்க. பேராச்சியக்கா அடுப்புக்கிட்ட வருது. அக்கா, அப்படியே இருங்க. பாத்தா பானை பொங்காது."

கடைசி வார்த்தை அவராகச் சேர்த்தது. ஆனால் பொங்கல் அன்று அப்படிச் சொன்னால் யாருக்குத்தான் துணிச்சல் வரும்? அத்தனை பேரும் வானத்தைப் பார்த்துவிட்டார்கள். ஒருத்தியின் பானை பொங்கி வழிந்தது. அவள் கழுத்தைத் திருப்பாமல், மேலே மின்கம்பியைப் பார்த்தபடியே "பொங்கலோ பொங்கல்" என்றாள். பூதத்தான் கறுப்புக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு வந்து அடுப்புக்குப் பக்கத்தில் நின்றான். "கண்ணாடி போட்டா நான் எங்க பாக்கேன்னு அந்த மாட்டுங்காப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?" என்றான். நானும் தெருவிளக்கைப் பார்த்தேன். என் பொங்கல் அடிபிடித்துவிட்டது.

மாரி கெஞ்சினான். "சாதாரணமா இருங்கக்கா. அடுப்பப் பாருங்க."

"நீ பேசாத மக்கா, பேசுனா திரும்பிப் பாத்துருவோம்" என்றாள் பச்சைப் புடவை, ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே.

மறுநாள் சாயங்காலம். பண்டிகை அலுப்பில் யார் வீட்டிலும் சமையல் இல்லை. எல்லாருக்கும் தோசை மாவு வேண்டும். வரிசை ரோடு வரை நின்றது. அதில் பாதிப் பேருக்கு வீட்டில் மாவு இருந்தது என்பது எனக்குத் தெரியும். மானசா அன்று ராத்திரிக்குள் டைரக்டரிடம் பெயர் கொடுக்க வேண்டும். அதைக் கேட்கத்தான் வந்து நின்றார்கள். பேராச்சி தூக்குவாளியோடு முன்னால் நின்றாள். பூதத்தான் கண்ணாடியைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்திருந்தான். மெஷின் தயார் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. மாரி அன்றைக்கே கேமராவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் போல. அதைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் வந்தான்.

போன் அடித்தது. ஃப்ரிட்ஜ் மேல் வைத்தான்.

"மாரி, ஏன் எல்லாரும் மேல பாக்கறா? ப்ளேன் எதாவது விழறதா?"

மாரி கேமராப் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"ஒருத்தர் கேமரா எங்கே போறதுன்னு கிரிக்கெட் கமெண்ட்ரி மாதிரி சொல்லிண்டே இருக்கார். அந்தக் கறுப்புக் கண்ணாடி மாமாவுக்குக் கண்ணுல ஆபரேஷனா?"

"அது எங்க மாமா."

"ஸாரி. பாரு மாரி, அன்னிக்கு எல்லாரும் கேமராவைப் பாத்தா. நேத்திக்கு எல்லாரும் கேமராவைப் பாக்காம இருந்தா. ரெண்டும் ஒண்ணுதான்டா. கேமரா இருக்கறதை அவா மறக்கணும். உன்னால அதைப் பண்ண முடியலை. நான் இன்னொருத்தர் பேரைக் கொடுத்துடறேன். மனசுல வச்சுக்காதே. அடுத்த தடவை பாக்கலாம்."

மாரி "சரி" என்றான். அவ்வளவுதான். போன் பக்கமிருந்து விலகி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஏணிப் பக்கம் போய்விட்டான். அழத்தான் போகிறான் என்று நான் நினைத்தேன். எட்டிப் பார்த்திருப்பேன், ஆனால் அந்த நேரம் பார்த்துப் பேராச்சி தூக்குவாளியை என் கடைக் கல்மேடை மேல் டணார் என்று வைத்தாள்.

"ஏ பிள்ள" என்றாள் போனிடம். "வச்சிராத. நான் மாரி அம்மா பேசுதேன்."

"நமஸ்காரம் மாமி" என்றது போன், பயந்துபோய்.

"நமஸ்காரம் இருக்கட்டும். மேல பாத்தது யாரு? நாங்க. அன்னைக்கு முழிச்சிக்கிட்டு நின்னது யாரு? நாங்க. எம்புள்ள பாவம், மூணு நாளா சோறு தண்ணி இல்லாம அந்தப் பாரத்தத் தூக்கிட்டு அலையுதான். தப்பு பூரா எங்க பேருல. தண்டன மட்டும் அவனுக்கா?"

பூதத்தான் அவள் கையைப் பிடித்தான். "யக்கா, என்னத்தப் பேசுத? வேண்டாம்னு சொல்லிட்டாள்ளா, நமக்கு நல்லதுதான. மெஷினு ரெடியா இருக்கு."

"நீ சும்மா கெடல. கண்ணாடியும் நீயும். ஒன்னாலதான் பாதி கெட்டுப்போச்சு."

"என்னாலயா?"

"பின்ன? பொங்கப் பானைக்குப் பக்கத்துல குருடன் மாதிரி நின்னா அவ என்ன நெனப்பா?"

கரீம் பாட்சா வரிசையை உடைத்துக்கொண்டு முன்னால் வந்து போனிடம் குனிந்தார். "தங்கச்சி, ஏணியில தொங்குனது நான்தான். பேரு கரீம் பாட்சா. திருடன் இல்ல, மைக்செட். நாப்பது வருசமா இந்த மாடியிலதான் இருக்கேன். பில்லு இருக்கு."

"ஐயோ அங்கிள், நான் சும்மா சொன்னேன்" என்றது போன்.

"சும்மா சொன்னீங்க. மூணு நாளா எனக்குத் தூக்கம் இல்ல."

"பாய், நீரு மைக்குல அப்படிக் கத்தலன்னா நாங்க ஏன் மேல பாக்கோம்?" என்றாள் பச்சைப் புடவை. "எம் பானை பொங்குனத நானே பாக்கல."

"நான் நல்லதுக்குத்தானம்மா சொன்னேன்."

"பொங்காதுன்னு சொன்னது நல்லதுக்கா?"

பின்னால் இருந்தவர்கள், என்ன பேசுகிறார்கள் என்று கேட்பதற்காகத் தள்ளினார்கள். முன்னால் இருந்தவர்கள் என் கல்லின் மேல் சாய்ந்தார்கள். இந்தச் சாக்கில் ஒருத்தி வாளியை நீட்டி இரண்டு கிலோ என்றாள். லைன்ல வா என்று நாலு பேர் அவளைப் பிடித்து இழுத்தார்கள். யாரோ மராத்தியில் வழிவிடச் சொல்லி ரோட்டிலிருந்து சைக்கிள் மணி அடித்தார். நான் ஒருத்திதான் கடமையில் கண்ணாக மாவை அள்ளிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தப் பச்சைப் புடவை, "மொதல்ல சர்வேன்னு கெளப்பிவிட்டது யாரு, அதச் சொல்லுங்க" என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் இருக்குமோன்னுதான் கேட்டேன்" என்றேன்.

அதற்குப் பிறகு என்ன பேசப்பட்டது என்பது எனக்குச் சரியாக ஞாபகமில்லை. என் பேர் நிறைய வந்தது. பேராச்சி மட்டும் அந்த இரைச்சலில் போனைக் கையில் எடுத்து, வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அவன் கெட்டிக்காரந்தான் பிள்ள. எனக்குத்தான் அது புரியாது. ஒனக்குப் புரியும்லா. நீயே வேண்டாம்னா அவன் யார்கிட்டப் போவான்?" அப்புறம் குரல் வரவில்லை. போனைப் பிடித்தபடி நின்றாள்.

"மாமி, மாரி எங்கே?" என்றது போன்.

எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்று எல்லாரும் மறுபடி என்னைப் பார்த்தார்கள். எனக்கும் தெரியவில்லை.

"இங்கதான் இருக்கேன்" என்று தலைக்கு மேலே குரல் கேட்டது.

கரீம் பாட்சா தொங்கிய அதே ஏணியில், பாதி உயரத்தில், கம்பியில் முழங்காலை மாட்டிக்கொண்டு மாரி உட்கார்ந்திருந்தான். கேமரா தோளில் இருந்தது. அதன் முன்னால் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அத்தனை பேரும் நிமிர்ந்து அதைப் பார்த்தோம். பேராச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கரீம் பாட்சா சட்டைப் பையில் லைட் பில்லைத் தேடினார்.

மாரி விளக்கை அணைத்தான். "பாத்துட்டிய. இனிம ஒண்ணும் இல்ல, போங்க" என்றான்.

என் கடை வாசலில், என் தலைக்கு இரண்டு முழம் மேலே, ஒருவன் ஏறி உட்கார்ந்து அவ்வளவு நேரம் படம் எடுத்திருக்கிறான், நான் கவனிக்கவில்லை. சந்தில் இதைப் பற்றி ஒருவரும் என்னிடம் கேலி பேசவில்லை என்று சொல்ல மாட்டேன்.

அவன் அதை வெட்டி அனுப்புவதற்குள் கடையில் மாவு தீர்ந்துவிட்டது. ஆனால் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. அவரவர் மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, கொசு அதிகமாகிவிட்டது, வெங்காயம் நன்றாக இல்லை என்று எதையாவது பேசிக்கொண்டு நின்றார்கள். பூதத்தான் மட்டும் இரண்டு முறை நான் போகிறேன் என்று சொல்லிவிட்டு, போகாமல் நின்றான்.

போன் அடித்ததும் பேச்சு நின்றது.

"என்னைத் திட்டறதை நானே உக்காந்து ரெண்டு தடவை பாத்தேன்" என்றாள் மானசா. "அம்மா வேற என் பின்னாடி வந்து நின்னு பாத்தா. தோசை மாவு தீந்துடுமோன்னு அவளுக்கே பதட்டம் வந்துடுத்து. டைரக்டருக்கு அனுப்பிட்டேன். பேரும் கொடுத்துட்டேன்."

மாரி ஃப்ரிட்ஜைப் பிடித்துக்கொண்டான்.

"ரொம்பச் சிரிக்காதே. முதல் அஞ்சு செகண்ட் கேமரா ஆடறது, ஏணியில ஏறிண்டே எடுத்தியா? அதை வெட்டு. அப்பறம், போனைப் பிடிச்சுண்டு மாமி பேச முடியாம நின்னாளே, அங்கே ஏன் கிட்டக்கப் போகலை? எல்லாரும் போவா."

"எங்கம்மால்லா" என்றான் மாரி. "போகத் தோணல."

"போகாததுதான் நன்னா இருக்கு. கூட்டத்துக்கு நடுவுல அவா மட்டும் சும்மா நிக்கறா, சுத்தி மாவுக்குச் சண்டை நடக்கறது. அதை யாரும் சொல்லிக் கொடுக்க முடியாது. தைப்பூசத்தன்னிக்கு விடியறதுக்கு முன்னாடி செம்பூர்ல இருக்கணும். லேட்டா வந்து நிக்காதே."

போனை வைத்த பிறகு எல்லாரும் பேராச்சியைப் பார்த்தார்கள். பந்தயத்தில் தோற்றவள் அவள்தான். தோற்கடித்ததும் அவளேதான். அவள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டாள்.

"விடியறதுக்கு முன்னாடின்னா சாப்பாடு எப்படிக் கட்டிக் கொடுக்க?" என்றாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பதுதானே பேச்சு.

பூதத்தான் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். இருட்டிய பிறகு எதற்கு என்று நான் கேட்கவில்லை. மருமகனின் தோளிலிருந்த கேமராவை நீளவாக்கில் ஒரு முறை, குறுக்குவாக்கில் ஒரு முறை சாண் வைத்து அளந்தான். "இரவல் சாமானுக்கு ஒரு உறை கெடையாதால? தேரு மாதிரி அப்படியேவா தூக்கிட்டுப் போவ? எண்ணெய் போட்ட மெஷினு சும்மாதான கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அப்புறம்தான் மாரி அந்த இரண்டு நிமிடத்தை எல்லாருக்கும் காட்டினான், என் ஃப்ரிட்ஜ் மேல் போனைச் சாய்த்து வைத்து. பார்த்தோம். கரீம் பாட்சா தன் வாயைப் பார்த்து அசந்துபோனார். இவ்வளவு பெரிதாகத் திறக்குமா என்றார். பச்சைப் புடவைக்கு, தான் ஒரு பெண்ணின் பின்னலைப் பிடித்து இழுத்தது படத்தில் வந்துவிட்டதே என்று கவலை. இழுத்தது யார் என்று பின்னலுக்குச் சொந்தக்காரிக்கு அப்போதுதான் தெரிந்து, புதிதாக ஒரு சண்டை ஆரம்பித்தது. ஆனால் பொய் சொல்லக் கூடாது. பார்க்கும்போது மாவின் புளிப்பு வாசனைகூட வருகிற மாதிரி இருந்தது.

நான் எங்கே என்று தேடினேன். கடையே என்னுடையது. வலது ஓரத்தில், கூட்டத்துக்குக் கீழே, ஒரு முழங்கை வந்து வந்து போகிறது. கரண்டி பிடித்த முழங்கை. இரண்டு நிமிடமும் அது மாவு அள்ளுகிறது. அவ்வளவுதான் நான்.

"மூஞ்சி விழலயே மக்கா" என்றேன்.

"நீங்க குனிஞ்சிருந்திய. ஆனா அந்த முழங்கை ரொம்ப இயல்பா இருக்குன்னு மானசா மெசேஜ் போட்டிருக்கா."

இயல்பாகத்தான் இருக்கும். முழங்கையைப் பற்றி யாருக்கும் புகார் கிடையாது.

தைப்பூசத்துக்கு இந்த வருஷம் செம்பூர் போகலாம் என்றிருக்கிறேன். முருகனைப் பார்த்து ரொம்ப நாளாகிறது. கூட்டத்தோடு கூட்டமாக ஒரு ஓரத்தில் நிற்பேன். கேமரா பக்கம் திரும்பக்கூட மாட்டேன். மூன்றாவது கேமராவை எந்தப் பக்கம் வைக்கிறார்கள் என்று மட்டும் மாரியிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.